நாலு தடவை கேட்டாள்

"அவன் ஏனுங்க பதிலே சொல்ல மாட்டேங்கறான்?"

பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் அன்று சாயங்காலம் முப்பத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், என்னைச் சேர்க்காமல். பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்த பாட்டு வருவதற்குள் ரேடியோ கொஞ்சம் கரகரத்தது. அந்த இடைவெளியில்தான் செல்லாயி கேட்டாள். மடியில் முறம், முறத்தில் பாதி புடைத்த சாமை. கை நிற்கவில்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது.

மற்ற முப்பத்தாறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் நான் ஒருவன். பாட்டு மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுப் பாட்டு, நானும் கீழ்நாட்டான். ஆகவே பாட்டில் வரும் ஆண்பிள்ளை செய்ததற்கெல்லாம் நான்தான் ஜவாப் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

"சினிமாப் பாட்டுல அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அது பதில் இல்லீங்களே" என்றாள்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோ மலையேறிய விதம்

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து, மேலே சில ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டுக்கு ஏறும் பாதையில் இளைப்பாற உட்காரும் கற்கள் பத்தொன்பது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். இருபத்தொன்று என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் எந்த வருஷத்தில் ஏறினார் என்று குறிப்பிடவில்லை. நான் ஏறியபோது பத்தொன்பதுதான். ஆனாலும் இரண்டு ராத்திரி தூக்கம் போய்விட்டது.

அந்தப் பாதையில்தான் நான் மலேரியா இலாகா ஊழியனாகப் போனேன். வீடு வீடாகப் போய் "யாருக்காவது காய்ச்சல் உண்டா?" என்று கேட்க வேண்டும். உண்டென்றால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் தடவி, காகிதத்தில் சுற்றிக் கீழே அனுப்ப வேண்டும். நான் தங்கியிருந்த ஊரில் நாற்பத்துமூன்று வீடுகள். ஒவ்வொன்றின் சுவரிலும் என் கையால் நம்பர் எழுதியிருந்தேன்.

ரேடியோவும் அதே பாதையில்தான் வந்தது. பெட்டி பெரிய பாரமில்லை. அதை ஓட்டும் பேட்டரிதான் பாரம். தீர்ந்துபோனால் அதைத் தலைச்சுமையாகக் காரவள்ளிக்கு இறக்கி, பஸ் ஏற்றி, சார்ஜ் செய்து மறுபடி மேலே கொண்டுவர வேண்டும். அந்த வேலையை ராமன் என்பவன் செய்தான். அதனால் எந்தப் பாட்டு பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொல்லத் தனக்குத்தான் முதல் உரிமை என்பான். பிடிக்காத பாட்டு வந்தால் எழுந்து மூடிவிடுவான்.

"என் கழுத்து வலிச்ச கரண்ட்டு. கண்ட பாட்டுக்கெல்லாம் செலவு பண்ண முடியாதுங்க."

அந்த ஒரு பாட்டை மட்டும் அவன் மூடியதே இல்லை.

பாட்டு இதுதான்

படத்தை நான் பார்க்கவில்லை. அது ஓடவும் இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். பாட்டு மட்டும் அந்த ஆடி, ஆவணி முழுக்க ஓடியது. ரேடியோவின் இரைச்சலில் எல்லாச் சொற்களையும் பிடிக்க எனக்கு ஒன்பது சாயங்காலம் ஆயிற்று. ஆபீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ரேடியோவில் சொன்னபடி, காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தியும் கார் வைத்திருக்கும் ஆண் ஒருவனும் பாடுகிறார்கள். மேளம் வேண்டாம், மாலை வேண்டாம், மனசு போதும் என்கிறான் அவன். எல்லாம் சரி, எத்தனை நாளைக்கு என்று கேட்கிறாள் அவள். நிலவைக் கேட்டால் நாள் சொல்லுமா என்கிறான். மறுபடி கேட்கிறாள். கடலுக்குக் கரை எதற்கு என்கிறான். மூன்றாம் தடவை கேட்கிறாள். காற்றுக்குக் கணக்கு உண்டா என்கிறான். நாலாம் தடவைக்கு அவனிடம் சொல் இல்லை, புல்லாங்குழல் வருகிறது. அத்தோடு பாட்டு முடிந்துவிடும்.

கீழே எங்கள் ஊரில் இந்தப் பாட்டைப் பெரியவர்கள் திட்டினார்கள். மாலை வேண்டாமாமே, மானங்கெட்ட காலம் என்றார்கள். மலையில் அந்த வரி யாருக்கும் உறுத்தவே இல்லை. அவர்கள் சந்தேகம் வேறு.

"அந்தப் புள்ளையோட அப்பன் எங்க போனான்?" என்றார் ஊர்க்கவுண்டர். ஊரில் எந்த வழக்கானாலும் அவர் வார்த்தைதான் கடைசி.

"பாட்டுல அப்பனுக்கு எடமில்லீங்க" என்றான் ராமன்.

"அப்ப பொண்ணுக்குத் தர்ற பரியத்த யாருகிட்டக் கொண்டுபோய்க் கொடுப்பான்?"

"அதுதான் காரு நிக்குதுல்லீங்க. அத ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லீருவான்."

"காரு எந்தப் புல்லத் திங்கும்? எனக்கு மாடுதான் வேணும்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. நாலு தடவை கேட்டும் அவன் சொல்லவில்லையே என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள்.

நிலாவைக் கேட்டால்

செல்லாயிக்கு என்னைவிட ஒரு வயது கூடவோ குறையவோ இருக்கும். அவளுக்குத் தன் வயது தெரியாது. அப்பா சடையக் கவுண்டரோடு பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் இருந்தாள். ஆடி மாசம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் மாத்திரை கொடுத்து, முழுங்கினாளா என்று பார்க்க ஐந்து நாள் போனேன். மூன்று நாள் போனால் போதும் என்பதுதான் சட்டம்.

காய்ச்சல் விட்டதும் பாட்டை வரி வரியாகச் சொல்லச் சொன்னாள். நோட்டை விரித்துப் படித்தேன். எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி அர்த்தமும் சொன்னேன்.

"நிலவைக் கேட்டா நாள் சொல்லுமான்னா, அன்புக்குக் கணக்கு இல்லைன்னு அர்த்தம். என்னைக்கும்னு சொல்றான்."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நிலாவக் கேட்டா நாள் சொல்லுமேங்க. சாமை வெதைக்கறதுக்கு நாங்க அதத்தான கேக்கறோம்."

எங்கள் வாத்தியார் சாமை விதைத்தவர் இல்லை.

"கடலு எனக்குத் தெரியாது. ஆனா கரை இல்லைன்னா அது ஊருக்குள்ள வந்துராதுங்களா?" என்றாள் அடுத்து.

அந்த வாரம் முழுக்க நான் பாட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதுவரை அழகாக இருந்த மூன்று வரிகளும், ஒரு கேள்வியிலிருந்து நழுவுகிறவன் சொல்லும் மூன்று சாக்குகளாகத் தெரிந்தன. பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் போன எனக்கு இது ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்குப் போக வேண்டிய காரணங்களும் பெருகின.

கூரையில் செருகிய கயிறு

சுவரில் நம்பர் எழுதப் போன இடங்களில் ஒன்றைக் கவனித்திருந்தேன். சில வீடுகளில் கூரை வாரையில் முடிச்சுப் போட்ட சின்னக் கயிறு ஒன்று செருகியிருக்கும். காய்ச்சலுக்குக் கட்டிய மந்திரக் கயிறு என்று எண்ணி, ஆபீஸ் நோட்டில் பதினோரு வீடு என்று குறித்தும் வைத்தேன். கீழே மேலதிகாரிக்கு அறிக்கையில் எழுதிக்கூட அனுப்பிவிட்டேன்.

சடையக் கவுண்டர்தான் விளக்கம் சொன்னார். அவர் வீட்டுக் கூரையிலும் ஒன்று இருந்தது. மூன்று முடிச்சு.

"அது என் புள்ளையோட மொதக் கண்ணாலத்து முடிச்சுங்க. தேவனூர் நாட்டுல கொடுத்தோம். மாப்பிள்ள மூணு வெள்ளாமைன்னு சொன்னான். மூணும் ஒழுங்கா இருந்தான். நாலாவதுக்கு இவளுக்கு மனசில்ல, வந்துட்டா. பரியத்தத் திருப்பியாச்சு. அவனும் நல்ல பையந்தான். போன மாசங்கூட மொளகு வாங்க வந்து சோறு தின்னுட்டுத்தான் போனான்."

நான் இருந்த ஊரின் வழக்கம் அது. மற்ற ஊர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், யாரும் கடிதம் போட வேண்டாம். பெண் கேட்டு வருகிறவன் ஊர் மந்தையில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். அவனைப் பெண்ணே கேட்பாள்: எத்தனை வெள்ளாமை? அவன் ஒரு எண் சொல்வான். சொன்ன எண்ணுக்கு முடிச்சுப் போட்டுப் பெண் வீட்டுக் கூரையில் செருகிவிடுவார்கள். அத்தனை அறுப்பு முடியும்வரை அவன் என்ன ஆனாலும் அவளை விட்டுப் போகக் கூடாது. போனால் ஊருக்குள் அவனுக்குத் தண்ணீர் கிடையாது.

"அறுப்பெல்லாம் முடிஞ்ச பின்னால?" என்று கேட்டேன்.

"பின்னால அவங்க பாடு" என்றார்.

எனக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்கிறேன். குத்தகைக்கு நிலம் விடுவதுபோல என்று நினைத்தேன்.

அப்போது என் அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் பதினாறு வயது. முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டு வண்டியில் ஏறும்போது என் காதில், "அவரு பேரு என்னடா கண்ணு?" என்று கேட்டாள். பந்தலில் இருநூற்றுப் பத்துப் பேர் சாப்பிட்டார்கள், நான்தான் இலை எண்ணினேன். அதில் ஒருவரும் அக்காவிடமோ மாமாவிடமோ ஒரு கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை. நான் கூசியது எதற்கென்று அப்புறம் எனக்கே குழப்பமாகிவிட்டது.

மந்தையில்

சாமை அறுப்பு முடிந்த கையோடு சடையக் கவுண்டரிடம் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது இன்றும் ஆச்சரியம். ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு விலாசம் சரியா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பெட்டியைப் பார்க்கிற ஆள் நான்.

அவர் என் சாதியைக் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "உங்கம்மாகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "புள்ளையக் கேளுங்க. அவ சரின்னா மந்தைக்கு வாங்க."

செல்லாயியைக் கேட்டேன். "மந்தையில கேக்கறேன்" என்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். வெயில் இருந்தும் குளிர். மந்தையில் ஊர் முழுக்க இருந்தது, நான் எண்ணவில்லை. ராமன் அன்று ரேடியோவை மூடி, மேலே சாக்குப் போட்டு வைத்திருந்தான். என்னிடம் வந்து, "பயப்படாதீங்க சாரு. ஒத்த வார்த்தைதான், பல்லப் புடுங்கற மாதிரி" என்றான்.

செல்லாயி எழுந்து நின்றாள். பாட்டில் வருகிற பெண்ணின் குரல் தேன் மாதிரி இருக்கும். இவள் குரல் சந்தையில் விலை கேட்பது போலத் தெளிவாக இருந்தது.

"எத்தனை வெள்ளாமைங்க?"

"ஆயுசுக்கும்" என்றேன்.

பத்து நாள் யோசித்து வைத்திருந்த சொல் அது. அதைவிடப் பெரியது ஒன்று கிடையாது என்று எண்ணியிருந்தேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். யாரோ இருமினார்கள்.

"பாட்டுக்காரன் மாதிரியே சொல்றாருடோய்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

ஊர்க்கவுண்டர் அவனைக் கையமர்த்தினார். என்னிடம் சாந்தமாகத்தான் சொன்னார்.

"தம்பி, ஆயுசு உங்க கையிலயும் இல்ல, எங்க கையிலயும் இல்ல. நம்ம கையில இருக்கறதச் சொல்லுங்க. எண்ணிக்கை சொல்லுங்க."

"ஆயுசுக்கு மேல என்னங்க வேணும்?"

"மேல வேண்டாம் சாமி. கீழ எறங்கிச் சொல்லுங்க. ஒன்னுன்னு சொன்னாலும் போதும்."

ஒன்று. ஒரு வருஷத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்கிறவனுக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அம்மா முகம் வந்து நின்றது. சரி, பத்து என்று சொல்லலாமா? பத்து என்றால் பதினோராவது அறுப்பில் நான் கிளம்பிவிடுவேன் என்று அல்லவா ஆகும்? இருபது? முப்பது? எந்த எண்ணை எடுத்தாலும் அது நான் அவளை விட்டுப் போகும் தேதியாகத்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த எண்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

செல்லாயி நின்றுகொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ஒரு தடவை லேசாகத் தலையை அசைத்தாள், சொல்லுங்க என்பது போல.

நான் சொல்லவில்லை.

"இந்த அறுப்புக்கு இத்தோட சரி" என்றார் ஊர்க்கவுண்டர். "கேட்ட ஆள மறுபடி அடுத்த அறுப்புக்குத்தான் கேக்க முடியும். மனசிருந்தா வாங்க தம்பி."

பன்னிரண்டாம் நம்பர் வீடு

மறுநாளும் வீடு வீடாகப் போகத்தான் வேண்டும், வேலை. பதினோராம் நம்பரிலிருந்து பதின்மூன்றுக்குத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். ஒரு வீட்டை விட்டால் கணக்கு உதைக்கும். போய் நின்றேன்.

"யாருக்காவது காய்ச்சல் உண்டா?"

"இல்லீங்க" என்றாள். உரலில் இருந்த உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒன்னு கேக்கட்டுங்களா? பாட்டுல அந்தப் புள்ள எதுக்கு நாலு தடவ கேக்கறா?"

"சந்தேகம். அவன் மேல நம்பிக்கை இல்ல."

"சந்தேகமா இருந்தா ஒரு தடவையோட எந்திரிச்சுப் போயிருப்பாளே. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், அவன் சொல்லலைன்னுதான் அவ கேக்கறான்னு. நேத்து மந்தையில நின்னப்பத்தான் தெரிஞ்சுது. அவனப் பாத்துக் கேக்கறது அவளுக்கு நல்லா இருக்குதுங்க. அதுக்குத்தான் கேக்கறா."

நான் நோட்டில் பன்னிரண்டுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன்.

"நீங்க ஒன்னுன்னு சொல்லியிருந்தா, அடுத்த அறுப்புக்கு நான் மறுபடி கேட்டிருப்பேன். அதுக்கடுத்த அறுப்புக்கும் கேட்டிருப்பேன். ஆயுசுக்கும்னு சொல்லிப்புட்டா, அப்புறம் நான் எதைங்க கேக்கறது?"

உள்ளே போய் உலக்கையை எடுத்தாள். அடுத்தது பதின்மூன்றாம் நம்பர். அங்கே இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

கீழே

மாசியில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த அறுப்புக்கு நாலு நாள் லீவு போட்டு மேலே போயிருக்கலாம். லீவுச் சீட்டு எழுதியும் வைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற ஒரே கவலையில் அதைக் கொடுக்கவில்லை. ஊர் தடுத்தது, வழக்கம் தடுத்தது என்றெல்லாம் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

அந்த அறுப்பில் வேறு ஒருவர் வந்து மந்தையில் நின்றார் என்றும், இரண்டு என்று சொன்னார் என்றும், பேட்டரியோடு கீழே வந்த ராமன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னான். நல்லது என்றேன். அந்த இரண்டு முடிந்தபோது அவள் மறுபடி கேட்டாளா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு அம்மா பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன். சொல்லச் சொன்னதைச் சொன்னேன், சுற்றச் சொன்னபோது சுற்றினேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. குறை ஒன்றும் இல்லை.

இந்தத் தொடரின் ஒவ்வொரு வாரப் பகுதியையும் என் மனைவிதான் முதலில் படிப்பாள். எழுத்துப் பிழை பார்ப்பாள், தேவையில்லாத எண்ணிக்கைகளை அடிக்கச் சொல்வாள். இன்று இதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். படித்து முடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தெட்டு வயதில் கேட்கிற கேள்வியா என்று தயக்கமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

"இந்தப் பொங்கல் வரைக்கும் இருக்கேங்க" என்றாள். "அப்புறம் கேளுங்க, சொல்றேன்."

அடுப்பில் பருப்பு இருக்கிறதென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் காலண்டரை எடுத்தேன். பொங்கலுக்கு இன்னும் எழுபத்திரண்டு நாள் இருக்கிறது.